மகளுக்குக் கவசம் கட்டிய கோடை

மகளின் கையில் அடிபட்டுக் கன்றிய அந்தக் கண்டலை நான் முதலில் கண்டது, நண்டுக்கறிச் சட்டியைத் தூக்குவதற்காக அவள் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டபோதுதான். முழங்கைக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில், நடுவில் கறுநீலமாகவும் ஓரத்தில் மஞ்சளாகவும் இருந்தது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். கண்டலின் நிறத்தை வைத்தே அது எப்போது பட்டதென்று ஓரளவு சொல்லிவிடுவேன். மஞ்சள் பழையது, கறுநீலம் புதியது. ஒரே இடத்தில் இரண்டு தடவை அடி விழுந்திருக்கிறது.

"உது என்ன பிள்ளை?"

"எது?"

"கையிலை."

சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "கதவிலை இடிச்சுப் போட்டன் அம்மா."

வேலையிடத்தில் எங்களுக்குத் தந்த ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஒரு பெண் சொன்னால் இன்னொரு தடவை கேளுங்கள் என்று. நான் கேட்கவில்லை. கணவருக்குப் பக்கத்தில் இருந்து அவள் நண்டுக் காலை உடைத்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேலை கிடைத்ததும் ஒஸ்லோவில் எங்கள் புருசெத் வீட்டை விட்டுப் போய், அதே நகரத்தின் ரொம்சோசில் இரண்டு சிநேகிதிகளோடு சேர்ந்து வாடகைக்கு இருந்தாள். ஞாயிறுகளில் மட்டும் சாப்பிட வருவாள். அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாதது எல்லாம் அந்த வாரம் முழுக்க என் தலைக்குள் நடந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தாள். கழுத்தடியில் இன்னொரு கண்டல்.

"நீர் சும்மா யோசிக்கிறீர்," என்றார் கணவர். அவர் பஸ் ஓட்டுபவர். எதையும் அடுத்த தரிப்பிடம் வந்த பிறகுதான் யோசிப்பார். "அவள் வளந்த பிள்ளை."

"வளந்த பிள்ளைக்கு அடிச்சால் நோகாதோ?"

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆர் உன்னை அடிக்கிறது? எனக்குச் சொல்லு. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அவன் ஆர்?"

அவள் தண்ணீரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். விலா நொந்திருக்க வேண்டும். பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ஒரு ஆள் இல்லை அம்மா. பத்துப் பன்ரண்டு பேர் அடிக்கிறவை."

கைத்தொலைபேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டினாள். தலை முதல் கால் வரை இரும்பு போட்ட இரண்டு உருவங்கள் வாளால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. சத்தம் தகரக் கூரையில் தேங்காய் விழுகிற மாதிரி இருந்தது. ஒன்று விழுந்தது.

"இதிலை நீ எங்கை?"

"இந்தா, விழுந்து கிடக்கிறது நான்."

என்ன கோதாரி இது என்று எனக்கு வாயில் வந்தது. ஆனால் என் மகளை ஒரு ஆணும் அடிக்கவில்லை என்ற ஆறுதலில் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த ஆறுதல் கோப்பைகள் காயும் வரைக்குந்தான் இருந்தது.

*

அவள் சேர்ந்திருந்தது ஒரு மத்தியகால வாட்போர்க் குழு. பழைய காலத்து ரிட்டர்கள், அதாவது இரும்புக் கவசம் போட்ட குதிரைவீரர்கள், எப்படிச் சண்டை போட்டார்களோ அதேபோலக் கவசமும் வாளும் செய்து சண்டை போடுகிறவர்கள். வாள் மழுங்கியது, ஆனால் பாரம் உண்மையானது. புதன்கிழமைகளில் ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில் கூடுவார்கள். நான் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாதென்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

உள்ளே வியர்வையும் எண்ணெயும் இரும்பும் கலந்த மணம். சுவரோரத்தில் பிள்ளைகள் ஏறி விளையாடுகிற ஏணிகள். அவற்றில் தலைக்கவசங்களைக் கொழுவியிருந்தார்கள். குழுவின் தலைவர் பெரிய தாடிக்காரர், நோர்வேஜியர். பகலில் சின்னப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறார் என்று மகள் சொல்லியிருந்தாள். என்னைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் கை கூப்பினேன்.

அவர் எனக்கு விதிகளைச் சொன்னார். விழுந்தவரை அடிப்பதில்லை. முதுகில் அடிப்பதில்லை. போதும் என்று ஒருவர் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றினால், ஓங்கிய வாள் ஓங்கியபடியே நிற்கவேண்டும். அப்படி ஊன்றியவரை யாரும் இழிவாகப் பேசக்கூடாது.

"அந்தக் காலத்து ரிட்டர்கள் இப்படியா இருந்தார்கள்?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றார். "கதைகளில்தான் அவர்கள் பலவீனமானவர்களைக் காப்பாற்றினார்கள். உண்மையில் பலர் ஊர்களை எரித்தார்கள். நாங்கள் கதைகளில் இருக்கிறவர்களைப் போல இருக்கப் பார்க்கிறோம்."

பொய் சொல்லாததற்காக அந்த மனிதரை எனக்குப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஊர்களை எரித்தார்கள் என்ற சொல் என்னோடு ரயிலில் ஏறி வீடுவரை வந்தது.

*

வசந்தத்தில் ஒரு ஞாயிறு அவள் ஒரு வேலையோடு வந்தாள். குழுவில் முழு உறுப்பினராவதற்கு உறுதிமொழி எடுக்கவேண்டும். அவரவர் தாய்மொழியிலும் அதைச் சொல்லலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

"ரிட்டருக்குத் தமிழிலை என்ன?"

"வீரன்," என்றேன்.

"குதிரைவீரன்," என்றார் கணவர், சோபாவில் இருந்தபடி.

"என்னட்டைக் குதிரை இல்லையே அப்பா."

"என்னட்டை பஸ் இருக்கு. அப்ப நான் பஸ்வீரன்."

அவள் சிரித்துவிட்டு, நோர்வேஜிய மொழியில் ஒரு சொல்லைச் சொன்னாள். மரியாதை, பெருமை, கௌரவம் எல்லாம் சேர்ந்த சொல் அது. ரிட்டர்களுக்கு உயிரைவிடப் பெரியது. "மானம்" என்றேன்.

"மானமோ? சின்னனிலை கோயிலுக்கை நான் ஓடித் திரிஞ்சால், 'மானத்தை வாங்காதை' எண்டு பேசுறனீங்கள். அது வெக்கம் எண்டெல்லோ நினைச்சனான்."

"அதுவும் அதுதான்."

"எப்பிடி ரண்டும் ஒண்டாகும்?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. கணவரும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு யோசித்தார். பிறகு சத்தத்தைக் கூட்டினார்.

பயந்து ஓடமாட்டேன் என்ற வரிக்கு வடிவான ஒரு சொல் வேண்டும் என்றாள். யோசிக்காமலே என் வாயில் வந்தது. "புறமுதுகு காட்டமாட்டேன்."

"புறமுதுகு!" அவளுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். நானும் உற்சாகத்தில், பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். நெஞ்சில் பட்ட காயம் பெருமை, முதுகில் பட்ட காயம் இழிவு. போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டுப் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். தாய்மாரே பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவைத்தார்கள். அவள் கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப மாமாவும் ஒரு ரிட்டர்தானே அம்மா?"

சோறு அடிப்பிடிக்கப் போகிறது என்று சொல்லி நான் எழும்பிப் போனேன். சோறு அடுப்பில் இருக்கவேயில்லை.

மாமா என்று அவள் சொன்னது என் அண்ணாவை. எங்கள் வீட்டு நடைச் சுவரில் அவருடைய படம் இருக்கிறது. பத்தொன்பது வயது. ஊரில் அவர் போராட்ட இயக்கத்துக்குப் போனது எனக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது. போய் ஒரு வருடத்தில் செய்தி வந்தது. செய்தி கொண்டுவந்தவர்கள் முற்றத்தில் நின்று, என் அம்மாவைப் பார்த்து "வீரத்தாய்" என்றார்கள். பிறகு ஊரில் எல்லோரும் சொன்னார்கள். கூட்டத்தில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அம்மா மாலையோடு வந்து, அதைக் கழற்றி மாட்டுக்குப் போட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இதையெல்லாம் நான் மகளுக்குச் சொல்லவில்லை. மாமா சண்டையில் செத்தவர் என்று மட்டும் சொல்லியிருந்தேன். மிச்சத்தை அவள் தானாகக் கட்டிக்கொண்டாள். படத்தில் இருந்தவருக்குத் தன் மனதுக்குள் ஒரு இரும்புக் கவசத்தை மாட்டிவிட்டிருந்தாள்.

*

ஒவ்வொரு கோடையும் பழைய ஒஸ்லோவின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில், கடல்நீர் உள்ளே வருகிற இடத்தில், மத்தியகாலத் திருவிழா ஒன்று நடக்கும். அந்த வருடம் மகளுக்கு அதுதான் முதல் போட்டி. போட்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள் வேண்டும். வெப்னர் என்று சொல்வார்கள். பழைய கதைகளில் ரிட்டருக்குக் கவசம் கட்டிவிட்டு, வாளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவன். மகளின் வெப்னராக இருந்த பிள்ளை வேலை மாற்றம் வந்து வேறு நகரத்துக்குப் போய்விட்டாள்.

"அம்மா, நீங்கள் வாறீங்களோ?" என்று தொலைபேசியில் கேட்டாள். "வார் கட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். நீங்கள் வேலையிலை ஒவ்வொரு நாளும் ஆக்களுக்கு உடுப்புப் போட்டுவிடுறனீங்கள்தானே?"

பார்க்காமல் வீட்டில் இருப்பதைவிடப் பக்கத்தில் நிற்பது நல்லது என்று நினைத்து ஓம் என்றேன். அதற்காக எனக்கு ஒரு கம்பளிச் சட்டையும் தலைத்துணியும் தந்தார்கள். கண்ணாடியில் பார்த்தால், யாரோ ஒரு பாதிரியார் வீட்டுச் சமையல்காரி மாதிரி இருந்தேன். கணவர் வேலைக்குப் போகிற அவசரத்திலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

திருவிழாத் திடலில் தாரும் புகையும் வாட்டிய இறைச்சியும் மணத்தன. பக்கத்தில் தண்டவாளத்தில் ரயில்கள் போய்வந்துகொண்டிருந்தன. கூடாரத்துக்குப் பின்னால் மகளை நிறுத்திவைத்து, பஞ்சு வைத்துத் தைத்த உள்சட்டையை முதலில் போட்டுவிட்டேன். பிறகு கால்கள், தொடை, கை, நெஞ்சு. ஒவ்வொன்றுக்கும் தோல் வார். வாரை இழுத்துக் கட்டும்போது அவள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிப்பாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் பின்னிவிடும்போதும் அப்படித்தான் நிற்பாள். கடைசியாகத் தலைக்கவசம். அதைப் போட்டதும் என் பிள்ளை காணாமல் போய்விட்டாள். ஒரு கோடு மாதிரி வெட்டிய துவாரத்துக்குள் இரண்டு கண்கள் மட்டும் இருந்தன.

அப்போது, படம் எடுத்துக்கொண்டு வந்த ஒரு இளம் தம்பதி நாங்கள் கதைத்ததைக் கேட்டு நின்றார்கள். "ஐயோ, தமிழா! நாங்க சென்னைங்க. இவங்க உங்க பொண்ணா மேடம்? செம! ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

"ஓம், எடுங்கோ," என்றது கவசம்.

அந்தப் பெண் கணவனிடம் மெதுவாக, "ஓம்னா என்னங்க, சாமி கும்பிடுறாங்களா?" என்று கேட்டாள். கவசத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அன்றைக்கு நான் கடைசியாகக் கேட்ட அவளுடைய சிரிப்பு அதுதான்.

தாடிக்காரத் தலைவர் வந்து என் கையில் ஒரு வெள்ளைத் துணியைத் தந்தார். "இது உங்களுடையது," என்றார். "அவளால் சொல்லமுடியாத நிலை வந்தால் இதை உள்ளே எறியுங்கள். சண்டை நின்றுவிடும். சாதாரணமாக யாரும் எறிவதில்லை. கையில் வைத்திருங்கள்."

எதிராளி ஸ்தவாங்கரிலிருந்து வந்தவள். மகளைவிட ஒரு தலை உயரம். முதல் சுற்றில் மகள் வேகமாக இருந்தாள். சின்ன உருவம், உள்ளே புகுந்து புகுந்து அடித்தாள். கூட்டம் கத்தியது. நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. இரண்டாவது சுற்றில் உயரமானவள் தூரத்தில் நிறுத்திவைத்து அடித்தாள். ஆளுக்கு ஒரு சுற்று வெற்றி.

மூன்றாவதில் ஒரு அடி தலைக்கவசத்தின் பக்கத்தில் பட்டது. கொளுக்கி உடைந்து கவசம் திரும்பிவிட்டது. கண் துவாரம் காதுப் பக்கம் போய்விட்டது. எதிராளி அதைக் கண்டு வாளைத் தாழ்த்திப் பின்னால் போனாள். நடுவர் மகளிடம் ஏதோ கேட்டார். மகள் ஒரு கையால் தலைக்கவசத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வாளை ஆட்டினாள். வா என்று கூப்பிட்டாள்.

கூட்டத்துக்கு அது பிடித்தது. கைதட்டினார்கள்.

அடுத்த அடியில் விழுந்தாள். எழும்பினாள். கவசம் மறுபடி திரும்பியது. திரும்பவும் விழுந்தாள், எழும்பினாள். முழங்காலை ஊன்றவில்லை. என் கால்கள் என்னைக் கேட்காமலே கயிற்றோரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தன. மூன்றாம் தடவை அவள் எழும்பி வாளை ஓங்கி நின்றபோது, அவள் பார்த்து நின்றது எதிராளியை அல்ல. கூட்டத்தை. எதிராளி அவளுக்குப் பின்னால் நின்றாள். என் பிள்ளை ஒன்றும் தெரியாமல், யாரும் இல்லாத பக்கத்தைப் பார்த்து வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் துணியை எறிந்தேன். கடற்காற்று அதைத் தூக்கி என் முகத்திலேயே போட்டது. யாரோ சிரித்தார்கள். நான் துணியைப் பிடித்துக்கொண்டு, கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போய்விட்டேன். நடுவர் கையை உயர்த்தினார். சிரிப்பு நின்றது.

தலைக்கவசத்தை நான்தான் கழற்றினேன். புருவத்தில் இரத்தம். என்னைக் கண்டதும் முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள்.

"ஏன் வந்தனீங்கள்? நான் விழேல்லை! நான் நிண்டனான்!"

"நீ ஆரைப் பாத்து நிண்டனீ?"

"அது என்ரை பிரச்சினை! எல்லாருக்கும் முன்னாலை என்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிப் போட்டீங்கள்!"

அதற்குமேல் தமிழில் சொல்ல அவளுக்கு வரவில்லை. இது உங்களுடைய சண்டை இல்லை என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, கவசம் சத்தம் போடப் போடக் கூடாரத்துக்குள் போனாள். நான் பின்னால் போகவில்லை.

உயரமானவள் என்னிடம் வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அவள் வா என்றபோது எனக்கு அடிக்க மனமில்லை," என்றாள். "அடிக்காமல் விட்டால் அவளை அவமதித்ததாகிவிடும் என்று நினைத்தேன். அதனால் அடித்தேன். நீங்கள் உள்ளே வந்தது எனக்கும் உதவி."

அவள் என் கையைப் பிடித்தாள். இரும்புக் கையுறை சூடாக இருந்தது. ஒருத்தி மானத்துக்காக வா என்கிறாள், மற்றவள் அவளுடைய மானத்துக்காக அடிக்கிறாள். இரண்டு பேருக்கும் விருப்பமில்லை, நிறுத்தத் தெரியவில்லை. நான் கையை விடுவித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தேன். அந்தக் கம்பளிச் சட்டையோடேயே, ரயில்நிலையம் வரை நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

*

பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் வரவில்லை. நண்டு வாங்கினேன், சமைத்தேன், நாங்கள் இரண்டு பேரும் தின்று முடிக்கமுடியாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அலுமாரிகளை ஒழுங்குபடுத்தினேன். ஒழுங்காக இருந்ததைக் கலைத்துத் திரும்ப ஒழுங்குபடுத்தினேன். தொலைபேசி எடுத்தால், "வேலை அம்மா, பிறகு எடுக்கிறன்" என்பாள்.

"நேற்று என்ரை பஸ்ஸிலை ஏறினவள்," என்று கணவர் ஒருநாள் சொன்னார்.

"என்ன சொன்னவள்?"

"'ஹாய் அப்பா' எண்டவள். பிறகு பின்னாலை போய் இருந்திட்டாள்."

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"பஸ் ஓட்டேக்கை என்னெண்டு கேக்கிறது? கண்ணாடியிலை பாத்துக்கொண்டு வந்தனான். புருவக் காயம் மாறியிட்டுது."

அவளுடைய உள்சட்டை என்னிடமே தங்கிவிட்டிருந்தது. திருவிழாத் திடலில் நான் விட்டுவந்த உடுப்புப் பையைத் தலைவர் பிறகு அனுப்பியபோது, அதுவும் அதற்குள் வந்துவிட்டது. அதைக் குளியல்தொட்டியில் ஊறப்போட்டுக் கழுவினேன். தண்ணீரோடு ஒரு ஆளின் பாரம் இருந்தது. பல்கனியில் காய நாட்கள் எடுத்தது. காய்ந்ததும் பையில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் ரொம்சோசுக்குப் போனேன்.

அவள்தான் கதவைத் திறந்தாள். சட்டையை வாங்கிக்கொண்டு, வாசலிலேயே நின்றாள். பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றாள்.

தேத்தண்ணி வரும்வரை நான் கதிரையில் இருக்கவில்லை. யன்னலடியில் நின்றேன். அவள் கோப்பையைக் கொண்டுவந்து வைத்ததும், யன்னலைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினேன். மாமா ஒரு ரிட்டரா என்று நீ கேட்டாய், நான் எழும்பிப் போய்விட்டேன் என்று தொடங்கினேன். முற்றத்தில் வந்து நின்றவர்கள், வீரத்தாய் என்ற சொல், மாலை, மாடு, சாத்திய கதவு எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாமா பயப்பிடாத ஆளோ?" என்று கேட்டாள்.

"போறதுக்கு முதல்நாள் கிணத்தடியிலை நிண்டு சத்தி எடுத்தவர். நான் பாத்தனான். என்னைக் கண்டிட்டு, 'மாம்பழம் ஒத்துக்கொள்ளேல்லை' எண்டவர். அது மாம்பழக் காலமில்லை."

அவள் உள்சட்டையை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"அவர் போகாமல் விடுறதுக்கு வழி இருக்கேல்லை. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு அம்மம்மாவுக்கும் வாய் வரேல்லை. அந்தச் சனத்துக்கு முன்னாலை அவ எங்கை போய், ஆரிட்டைத் துணியை எறியிறது?"

கீழே பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம் கேட்டது. மகள் உள்சட்டையை மடியில் வைத்து, அதன் தையலை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ அவரைப் பெரிய ஆளாய் வைச்சிருந்தாய். அதைக் குழப்ப எனக்கு மனம் வரேல்லை."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அம்மா, நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ. மாமாவின்ரை சண்டையும் என்ரை சண்டையும் ஒண்டில்லை. என்னை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்லை. எனக்கு விருப்பம். அந்த இரும்புக்குள்ளை நிக்கேக்கை எனக்கு... நான் பெரிசாய் இருக்கிறன். அதை நீங்கள் பறிக்கேலாது."

"பறிக்கேல்லை."

"பறிச்சனீங்கள். கொஞ்சம் பறிச்சனீங்கள்."

"ஓம்," என்றேன். "ஆனால் திரும்பவும் நீ ஆக்கள் இல்லாத பக்கத்தைப் பாத்து நிண்டால், திரும்பவும் வருவன்."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்ப அடுத்த முறை வேறை ஆளைப் பிடிக்கிறன்."

"பிடி."

தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆறின தேத்தண்ணியை இரண்டு பேரும் குடித்தோம். அடுத்த ஞாயிறு அவள் சாப்பிட வந்தாள்.

*

இலையுதிர் காலத்தில் அவள் ஸ்தவாங்கரில் நடந்த போட்டிக்குப் போனாள். சொன்னபடி வேறு ஆளைப் பிடித்திருந்தாள். யாரென்று கேட்டபோது, கோடையில் தன்னை அடித்து விழுத்திய அந்த உயரமானவள் என்றாள். தோளில் காயம் பட்டதால் அவளுக்கு இந்தப் போட்டி இல்லையாம். மகள் எழுதிக் கேட்டாளாம், அவள் தன் வீட்டில் வந்து தங்கச் சொன்னாளாம், கவசமும் கட்டிவிடுகிறாளாம்.

"அடிச்சவளின்ரை வீட்டிலை போய்ப் படுக்கிறியோ?" என்றேன்.

"அதுதானம்மா இதிலை விசேசம்."

போட்டி நாளன்று எனக்கு விடுமுறை. அதுவே பிழை. காலையிலிருந்து குசினிக்கும் பல்கனிக்கும் நடந்தேன். கணவர் சொன்னார், "நீர் நடக்கிற தூரத்துக்கு ஸ்தவாங்கருக்கே போயிருக்கலாம்." நான் அவரோடு சண்டை பிடித்தேன். பிறகு இடியப்பத்துக்கு மா குழைத்து, குழைத்த மாவை மறந்துவிட்டு அரிசி போட்டேன்.

பின்னேரம் தொலைபேசி வந்தது.

"தோத்திட்டன் அம்மா!" குரலில் அவ்வளவு சந்தோசம். முதல் சண்டையில் வென்று, இரண்டாவதில் தோற்றிருக்கிறாள். எப்படித் தோற்றாள் என்று விளக்கினாள். கடைசி நேரத்தில் எதிராளியின் வாள் அவளுடைய விலாவில் பட்டிருக்கிறது. நடுவர்கள் ஒருவரும் அதைக் காணவில்லை. புள்ளி மகளுக்குத்தான் போயிருக்கிறது. அவள் வாளைத் தாழ்த்தி, தனக்குப் பட்டது என்று சொல்லியிருக்கிறாள்.

"ஒருத்தரும் காணேல்லையோ?"

"ஒருத்தரும் காணேல்லை."

"அப்ப சொல்லாமல் விட்டிருக்கலாமே?"

"அம்மா!" என்று அவள் கத்தியது சோபாவில் இருந்த கணவருக்கும் கேட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுபக்கத்தில் இன்னொரு பெண் குரலும் என்ன, என்ன என்று நோர்வேஜிய மொழியில் கேட்டது. மகள் அவளுக்கு மொழிபெயர்த்தாள். அவளும் சிரித்தாள்.

"விலா நோகுதோ?" என்று கேட்டேன்.

"மூச்சு விட்டால் கொஞ்சம்."

"அப்ப மூச்சு விடாதை எண்டு சொல்லவோ? டொக்டரிட்டைக் காட்டினனீயோ?"

"காட்டினனான். உடையேல்லை."

அடுத்த நாள் ஸ்தவாங்கர் ரயில் வரும் நேரத்துக்கு நான் நடைமேடையில் நின்றேன். அவள் வரச்சொல்லவில்லை. இரும்புப் பை பாரமாக இருக்கும் என்று காரணம் வைத்துக்கொண்டேன். பெட்டிக் கதவு திறந்து அவள் இறங்கினாள். கன்னத்தில் ஒரு கீறல். தலைமயிர் கலைந்து, நித்திரைக் கண்ணோடு, என்னைக் கண்டதும் முகம் சுளித்து, பிறகு பையின் ஒரு பிடியை என் பக்கம் நீட்டினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பிடியில் தூக்கிக்கொண்டு நடந்தோம். உள்ளே இரும்பு இடிபட்டுச் சத்தம் போட்டது. ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடுத்தது எப்ப?" என்று கேட்டேன்.

"பெப்ரவரியிலை. பேர்கனிலை."

"கவசம் கட்ட ஆர்?"

"தெரியேல்லை. இன்னும் யோசிக்கேல்லை," என்றாள், என்னைப் பார்க்காமல். புருசெத் போகிற ரயில் வந்துகொண்டிருந்தது. நான் அதற்குள்ளேயே பெப்ரவரியில் எந்த வார இறுதி எனக்கு வேலை என்று மனதுக்குள் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.